வியர்க்காத பானை

பிப்ரவரி 9

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் சொல்ல வந்தது ஆறிப்போய்விடும்.

நீங்களும் என் மகனும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த மின்சூளையில் மூன்று தடவை அடுக்கிச் சுட்டாயிற்று. ஒரு பானைகூட உடையவில்லை. விறகுச் சூளையில் நூற்றுக்குப் பத்தாவது விரிசல் விடும். இதில் எல்லாம் முழுசாக, ஒரே சிவப்பில், சுண்டினால் வெண்கலம் மாதிரி ஒலிக்கின்றன. நானும் பூரித்துப்போய்த்தான் கடைக்கு அனுப்பினேன். நேற்று கடைக்காரம்மா பதினாறு பானையைத் தள்ளுவண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டாள். "காலையில ஊத்துன தண்ணி சாயங்காலம் வரைக்கும் அதே சூட்டுல இருக்கு. இதுக்கு பிளாஸ்டிக் குடமே போதும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நானும் ஒன்றில் ஊற்றி வைத்துப் பார்த்தேன். பானை மேல் பொட்டு ஈரம் இல்லை. தண்ணீர்ப் பானை என்றால் வெளியே வியர்க்க வேண்டும், வியர்த்தால்தான் உள்ளே குளிரும். இது கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறது.

புகை இனி ஆகாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. "விறகா மூச்சா, ரெண்டுல ஒண்ண வச்சுக்கோங்க" என்றார். அதற்காகத்தான் இந்தச் சூளை. ஏப்ரல் பத்துக்குள் பிடிக்கவில்லை என்று சொன்னால் கம்பெனிக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். சூளை போனால் சக்கரத்தையும் விற்றுவிட்டு நான் அங்கே வந்து உங்கள் எல்லோரோடும் இருந்துவிட வேண்டும் என்பது என் மகனின் ஏற்பாடு. நாலாவது மாடியில் நான் என்ன செய்வேன்? சோபாவில் உட்கார்ந்து காலாட்டுவேன். நினைத்தாலே இருமல் வருகிறது.

போனில் சொல்லலாம்தான். உங்களுக்குக் காது கேட்காது. மண்ணில் தேய்ந்து காய்த்துப்போன என் விரலை அந்தத் தொடுதிரை விரலாகவே மதிப்பதில்லை. நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்த என் மருமகளும், "அப்பாவும் அத்தையும் சண்டை போடறதுக்கு நான் என்ன ஸ்பீக்கரா? நீங்களே எழுதிக்குங்க" என்று கையைக் கழுவிவிட்டாள். நான் பானை அடுக்கி முடித்ததும் 'அடுக்கியாச்சு' என்ற ஒரு வார்த்தையை மட்டும் உங்களிடம் சேர்ப்பாளாம். நீங்கள் அங்கிருந்தே உங்கள் போனில் சூட்டைத் தட்டிவிடுவீர்களாம். சூளை என் வீட்டில், சாவி உங்கள் சட்டைப் பையில்.

உங்கள் இயந்திரத்திடம் விசாரித்து எழுதுங்கள். நலமா?

பானைக்கும் சேர்த்து வியர்த்துக்கொண்டிருக்கும் சம்பந்தி


பிப்ரவரி 14

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நலமே. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் குற்றம் என் மேல்தான் வந்து நிற்கிறது.

முப்பத்தோரு வருடம் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவன் நான். காது அங்கேதான் போனது. ஆனால் சூடு விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. உங்கள் மூன்று அடுக்கின் வரைகோடும் என் போனில் இருக்கிறது. வைத்த சூட்டுக்கு அரை டிகிரி கூடவில்லை, குறையவில்லை. நடுநடுவே சிறு பள்ளங்கள் தெரிகின்றன. இரண்டாவது அடுக்கில் மட்டும் பார்வைத் துளையின் அடைப்பைப் பதினொரு முறை எடுத்திருக்கிறீர்கள். அதில் எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. பார்ப்பதற்குத்தான் இயந்திரம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை குறை மண்ணில் இருக்கலாம். மண் எடுக்கும் இடத்தை மாற்றினீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டாம் என்று மகள் தடுத்தாள். விறகுச் சூளையில் சுட்டு நீங்கள் போன வருடம் கொடுத்த பானை எங்கள் சமையலறையில் இருக்கிறது. அது ஒழுகுகிறது. தினமும் அடியில் துணி போட்டுத் துடைக்கிறாள். "அத்தை மனசு கஷ்டப்படும்ப்பா, விடுங்க" என்கிறாள். ஒரு சொட்டு ஒழுகினாலும் ராத்திரிச் சாப்பாடு இறங்காத உத்தியோகம் பார்த்தவன் நான். புதுச் சூளையில் அந்தக் குறை வராதபடி முதல் நாளே கவனித்துக்கொண்டேன். அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டாம், குற்றம் சொல்லாமல் இருந்தால் போதும்.

சம்பந்தி


பிப்ரவரி 19

சம்பந்தி அவர்களுக்கு,

ஒழுகுகிறதா?

நாற்பது வருடமாகப் பானை வனைகிறேன். என் பானையை ஒழுகல் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். அதுவும் என் மகன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு. அது ஒழுகவில்லை ஐயா. உள்ளே இருக்கிற தண்ணீர் மண் வழியாகக் கசிந்து வெளியே வந்து, காற்றுப் பட்டுக் காய்ந்து, போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதற்காகத்தான் அதன் பெயர் தண்ணீர்ப் பானை. துடைக்காமல் விட்டால்தான் குளிரும். துடைக்கத் துடைக்க அது என்ன செய்யும், பாவம்.

மண்ணை மாற்றினேனா என்று கேட்கிறீர்கள். மாற்றவில்லை. 'கவனித்துக்கொண்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, என்னத்தைக் கவனித்துக்கொண்டீர்கள்? சுற்றி வளைக்காமல் எழுதவும்.

சம்பந்தி


பிப்ரவரி 24

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சுற்றி வளைக்கவில்லை. கையேட்டில் உங்கள் மாதிரி மண்ணுக்கு எண்ணூற்றைம்பது டிகிரி என்று போட்டிருந்தது. ஒழுகலை நிறுத்துவதற்காக நான் அதில் நூறு கூட்டினேன்.

கெட்டியாகச் சுட்டால் சந்து அடைபடும் என்று நினைத்தேன். அடைபட்டது. நினைத்தது நடந்தது என்ற அளவில் நான் செய்தது சரிதான், நினைத்ததுதான் தப்பு. உங்கள் கடிதத்தை மகளிடம் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பானைக்கு அடியில் இருந்த துணியை எடுத்துவிட்டு ஒரு தட்டை வைத்தாள். ஈரத்தைப் பார்க்க எனக்கு இன்னமும் கை பரபரக்கிறது, பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணூற்றைம்பதாக இறக்கிவிட்டேன். அடுக்கி முடித்ததும் சொல்லி அனுப்புங்கள்.

சம்பந்தி


மார்ச் 8

சம்பந்தி அவர்களுக்கு,

இறக்கினீர்கள். சுட்டேன். கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் வந்தது, அதோடு சரி. கடைக்காரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லக்கா, முன்னைக்கு இது தேவல" என்றாள். அவள் என்னை ஆறுதல்படுத்துகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

பார்வைத் துளையில் எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்றீர்கள். பார்த்தேன். உள்ளே பானையின் சிவப்பு நான் நிறுத்துகிற சிவப்பைத் தாண்டி வெளுத்துக்கொண்டிருந்தது. திரையிலோ இன்னும் எண்ணூறுகூட ஆகவில்லை. என் கண்ணும் உங்கள் மீட்டரும் ஒரே சூளையைத்தான் பார்க்கின்றன, யாரோ ஒருவர் பொய் சொல்கிறோம். எனக்குப் பொய் சொல்ல நேரமில்லை. நிறுத்தலாம் என்றால் திரை என் விரலுக்கு மசியவில்லை. பத்து விரலாலும் தட்டினேன். முழங்கையால் தட்டினேன். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யாரோட சண்டை?" என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தால் பெட்டிக்குள் ஏதோ வெந்துவிடும் என்று வேறு நீங்கள் மிரட்டி வைத்திருக்கிறீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று மகன் போன் செய்தான். "சரிவரலன்னா விட்டுடும்மா, எதுக்கு இந்த மல்லுக்கட்டு? ரூம் ரெடி பண்ணிட்டேன்" என்றான். ரெடி பண்ணிய ரூம் எது என்று விசாரித்தேன், உங்களுடையதாம். நீங்கள் கூடத்தில் படுத்துக்கொள்வீர்களாம். அதற்காகத்தான் இந்தச் சூளை நல்லபடி ஓட வேண்டும் என்று பாடுபடுகிறீர்களோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை மறைக்கவில்லை.

காய்ந்த பானை இன்னும் ஓர் அடுக்குக்குத்தான் இருக்கிறது. புதிதாக வனைந்து காயவைக்க நாள் இல்லை.

சம்பந்தி


மார்ச் 13

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அறையைப் பற்றி எழுதியதற்கு இப்போது பதில் சொல்லப் போவதில்லை. முதலில் வேலை.

உங்கள் கண் சொல்வதை நம்புகிறேன். கொதிகலனில் நாங்களும் மீட்டரைவிட சத்தத்தை நம்பிய நாட்கள் உண்டு. அப்படியானால் மீட்டர்தான் தப்பாகச் சொல்கிறது. புது மீட்டர் அவ்வளவு தப்பாகச் சொல்லாது. சூளையின் உள்ளே, பின்சுவரில், விரல் நீளத்துக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சூட்டை அளப்பது அதுதான். அது இப்போது எப்படி இருக்கிறது, அதன் மேல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்த்து உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

சம்பந்தி


மார்ச் 17

சம்பந்தி அவர்களுக்கு,

கம்பி நன்றாக இருக்கிறது. வளையவில்லை.

மண் பூசியிருக்கிறேன்.

சூளை வந்த அன்றைக்கே பூசியது. உள்ளே கையை விட்டுத் துடைக்கும்போது பார்த்தேன், அத்தனை நெருப்புக்கு நடுவே ஒல்லியாக, வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. எங்கள் தொழிலில் இரும்பை நெருப்புக்கு அப்படி மொட்டையாகக் கொடுக்க மாட்டோம். உமி கலந்து, இரண்டு விரல் கனத்துக்குப் பூசி, நீவி, ஈரத்துணியால் மெழுகிவிட்டேன். விலையுள்ள சாமான், வெந்து போய்விட்டால் உங்களுக்குத்தானே வருத்தம் என்று நினைத்தேன். ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் விரிசல் விட்ட இடத்தில் மறுபடி பூசினேன்.

சிரிக்க வேண்டாம். சிரித்தால் மருமகள் எனக்குச் சொல்லிவிடுவாள்.

சம்பந்தி


மார்ச் 22

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான் சிரிக்கவில்லை. மகள் சிரித்ததில் என் பங்கும் அடங்கிவிட்டது.

நீங்கள் அதற்குக் கம்பளி போர்த்திவிட்டீர்கள். சூளை எரிவது அதற்குத் தாமதமாகத்தான் உறைத்திருக்கிறது. அது 'இன்னும் சூடு வரவில்லை' என்று சொல்ல, இயந்திரம் மேலும் மேலும் எரித்திருக்கிறது. நான் தெரிந்து கூட்டியது நூறு, நீங்கள் தெரியாமல் கூட்டியது அதற்கு மேலே. நாம் இருவரும் சேர்ந்து அந்தப் பானைகளைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறோம். மண்ணை மெதுவாகத் தட்டி எடுத்துவிடுங்கள். கம்பி வேகாது. வேகாத கம்பிதான் அது.

இத்துடன் ஒரு பேனா அனுப்பியிருக்கிறேன். எழுதுவதற்கு அல்ல. முனையில் ரப்பர் இருக்கும். அதனால் தொட்டால் திரை கேட்கும், உங்கள் விரல் எப்படி இருந்தாலும். சூட்டை நீங்களே வைக்கலாம், நீங்களே நிறுத்தலாம். இந்த முறை நான் எண் எதுவும் போடவில்லை. மெதுவாக ஏறும், அவ்வளவுதான். துளை வழியாகப் பாருங்கள். உங்கள் சிவப்பு வந்ததும் 'நிறுத்து' என்ற இடத்தைத் தொடுங்கள். எத்தனை டிகிரியில் நிறுத்தினீர்கள் என்பதை இயந்திரம் எழுதிக்கொள்ளும். அடுத்த அடுக்கிலிருந்து அதுவே அங்கே நின்றுவிடும். கையேடு சொல்வதை நீங்கள் கேட்க வேண்டாம், நீங்கள் சொல்வதை அது கேட்கட்டும்.

இப்போது நீங்கள் கோபப்பட வேண்டிய இடம். இந்தப் பேனாவை முதல் மாதமே அனுப்பியிருக்கலாம். கீழே இருக்கிற ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிறது. உங்கள் விரலுக்குத் திரை மசியாது என்று தெரிந்த அன்றே எனக்கு இது நினைவுக்கு வந்தது. அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், எனக்கு என்ன வேலை? இந்த வீட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் எல்லாக் குழாயையும் ஒருமுறை இறுக்குவேன். எதுவும் ஒழுகுவதில்லை. பத்து மணிக்குப் பால்கனியில் உட்காருவேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி குழாய். எல்லோரும் நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள், குறையே இல்லை. 'அடுக்கியாச்சு' என்று மகள் வந்து தோளைத் தட்டும் அன்றைக்கு மட்டும் நான் சட்டையை மாற்றிக்கொண்டு உட்காருவேன். அறைக்காகப் பாடுபடவில்லை. கூடத்தில் படுக்க எனக்குச் சம்மதம்தான். ஆனால் நீங்களும் இங்கே வந்து குழாயை இறுக்குவதைப் பார்க்கச் சம்மதமில்லை.

மாப்பிள்ளை ஏப்ரல் ஒன்பதாம் தேதிக்கு லாரி சொல்லிவிட்டார். சீக்கிரம் சுடுங்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 2

சம்பந்தி அவர்களுக்கு,

கோபம் வந்தது. பேனாவைப் பிரித்து மேசைமேல் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. நாலு அடுக்குப் பானை, கடைக்காரம்மாவிடம் பேச்சு, முழங்கையால் தட்டிய அசிங்கம், எல்லாம் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்குக் கீழே இறங்கி ஏற உங்களுக்கு மனசில்லாததால். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. சொல்லிவிட்டேன்.

மறுநாள் மண்ணைத் தட்டி எடுத்துவிட்டு அடுக்கினேன். காலை ஏழு மணிக்கு நானே தொட்டு வைத்தேன். முதல் தொடலிலேயே கேட்டது. மத்தியானம் மூன்றரைக்கு என் சிவப்பு வந்தது. நிறுத்தினேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு. நாற்பது வருடமாக என் கண்ணுக்குத் தெரிந்த நிறத்துக்கு இப்படி ஒரு எண் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறவிட்டுப் பிரித்தேன். இரண்டு பானை விரிசல், விறகுச் சூளையில் விடுகிற மாதிரியே. அதைப் பார்த்துத்தான் மனசுக்கு நிம்மதி வந்தது. மீதியில் ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சாயங்காலம் அடி முதல் கழுத்து வரை நனைந்து நின்றது. கடைக்காரம்மா ஒரு டம்ளர் குடித்தாள். உடனே இன்னொரு டம்ளர் குடித்தாள்.

மகனிடம் சொன்னேன். "ஒரு அடுக்கு நல்லா வந்துட்டா ஆச்சாம்மா? நாளைக்கு மறுபடி ஏதாவது ஆகும், நீ தனியா கெடந்து இழுத்துப் பறிப்ப. லாரி சொல்லியாச்சு, பிடிவாதம் பிடிக்காத" என்று வைத்துவிட்டான். அவனோடு வாதாட எனக்கு மூச்சு பற்றவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவனுக்கு அது அம்மாவின் பிடிவாதம்.

உங்களை எதுவும் செய்யச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இருந்துகொண்டு மாப்பிள்ளையிடம் வாய் திறப்பது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். தகவலுக்காக எழுதுகிறேன்.

சம்பந்தி


ஏப்ரல் 7

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

லாரி வராது.

உங்கள் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. மாப்பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். அமைதியாகத்தான் பேச நினைத்தேன். "மாப்பிள்ளை, உங்க அம்மாவுக்கு முடியலன்னா கூட்டிட்டு வாங்க, நான் தலையில தூக்கிட்டு வர்றேன். இப்ப அவங்களுக்கு முடியுது. முடியறவங்கள எதுக்கு உக்கார வைக்கிறீங்க? என்னையப் பாருங்க. உக்கார வச்சா ஆள் இப்படித்தான் ஆவாங்க" என்றேன். இன்னும் கொஞ்சமும் சொன்னேன். எனக்குக் காது கேட்காததால் எவ்வளவு சத்தம் போட்டேன் என்று தெரியவில்லை. மூன்றாவது மாடிக்காரர் என்ன ஆயிற்று என்று ஏறி வந்து கேட்டதாக மகள் பிறகு எழுதிக் காட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை எழுந்து போய்க் கை கழுவினார். லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மறுநாள் காலை மகள் சொன்னாள். இரண்டு நாளாக அவர் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் சாப்பிட உட்காரக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் மகனை உங்களுக்காகத் திட்டியதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்றும் புரியவில்லை.

சூளை இனி உங்கள் கையில். என் போனுக்கு வரும் வரைகோட்டையும் நிறுத்திவிடலாம். எங்கே தொட வேண்டும் என்று பின்பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன்.

சம்பந்தி


ஏப்ரல் 13

அண்ணனுக்கு,

என் மகனைத் திட்டியதற்கு மன்னிப்பு எதற்கு? எனக்கு மூச்சு இருந்திருந்தால் நானே திட்டியிருப்பேன். அவன் நேற்று இங்கே வந்திருந்தான். சொல்லாமல் வந்து நின்றான். சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தான், பானைத் தண்ணீரைக் குடித்தான். போகும்போது, "மாமா அப்படிப் பேசுவார்னு நான் நெனைக்கவே இல்லம்மா" என்றான். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் தயங்காமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவனுக்கு உங்களிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் அவன் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறான்.

நேற்று காலையிலிருந்து மண் மிதித்து, மதியத்துக்குள் இருபது பானை வனைந்து, போன மாதம் வனைந்து காயவைத்த பானைகளையும் இறக்கி வைத்தேன். எல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஒரு தடவைகூட இருமவில்லை. ஆறு வருடத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மகனிடம் சொன்னால், "எதுக்கும் டாக்டர ஒருதடவ பாத்துடும்மா" என்பான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

படம் போட்டு அனுப்பியிருந்தீர்கள். அந்த இடத்தை நான் தொடப் போவதில்லை. வியாழக்கிழமை அடுத்த அடுக்கு, காலை ஏழு மணிக்கு. சூட்டை நான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள்.

தங்கை